அபிராமியின் பேசும் பெட்டி

பல்லடம் ரோட்டில் இருக்கிற பழனாயி நிட்வேர்ஸில் அபிராமியின் முகத்தைத் தெரிந்தவர்களைவிட அவள் குரலைத் தெரிந்தவர்கள்தான் அதிகம். முந்நூறு பேர் வேலை செய்கிற பனியன் கம்பெனி. வாசலை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து, வருகிற போனையெல்லாம் எடுத்து, யாருக்கு வந்ததோ அவர் பெயரை மைக்கில் கூப்பிடுவது அவள் வேலை. ஓவர்லாக் மிஷின்கள் போடுகிற இரைச்சலுக்கு மேலே அவள் குரல் போய் விழும். "கட்டிங் மாஸ்டர் சந்தனம், ஊர்ல இருந்து போன். கட்டிங் மாஸ்டர் சந்தனம்." இரண்டு தடவைதான் சொல்லுவாள். மூன்றாம் தடவை யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

சாத்தூர்ப் பக்கத்துப் பெண். நான்கு வயதில் அம்மை போட்டுக் கண் போய்விட்டது. அதற்காக வீட்டு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாளா என்றால், அதெல்லாம் அவளிடம் நடக்காது. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். பி.ஏ. இங்கிலீஷ் முடித்தாள். அவர்கள் தெருவே மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்தபோது சித்தி குடும்பத்தோடு அவளும் வந்தாள். கம்பெனியில் எல்லா இன்டர்காம் எண்ணும், நடக்கிற ஆர்டர் எண்கள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். டைரியைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறவர்கள் கடைசியில் டைரியை மூடிவிட்டு அவளைத்தான் கேட்பார்கள்.

பாண்டித்துரை அந்தக் குரலில்தான் தொபுக்கடீரென்று விழுந்தான். அருப்புக்கோட்டைக்காரன், ஓவர்லாக் டெய்லர், வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசத் தெரியாது. ஒருநாள் அவன் அம்மாவிடமிருந்து போன் வந்தது. "டெய்லர் பாண்டித்துரை, போன்" என்று ஸ்பீக்கரில் தன் பெயரைக் கேட்டான். அன்றோடு சரி. அதற்கப்புறம் வாரத்துக்கு நாலு தடவை அவன் அம்மா ஊர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட ஆரம்பித்தாள்.

அபிராமி ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஒங்க அம்மாவுக்கு ஒடம்புக்கு என்னங்க?"

"நல்லாத்தான் இருக்காக."

"பெறகு ஏன் இத்தன போன்?"

அவன் ரிசீவரைச் சட்டை நுனியால் துடைத்து வைத்தான். "நாந்தான் போடச் சொன்னேன். நீங்க பேரச் சொல்றது கேக்க நல்லா இருக்கு" என்றான். அதுவரை ஆயுளில் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான் என்று அபிராமி இன்றைக்கும் சொல்லுவாள்.

கல்யாணம் ஆனது. நல்ல பிள்ளை, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரே ஒரு சங்கடம்: அவளை ஓர் அடிகூடத் தனியாக எடுத்து வைக்க விடமாட்டான். ஒன்பது வருஷம் ஹாஸ்டல் மாடிப்படியில் ஏறி இறங்கியவளை, வீட்டு வாசற்படியில் கையைப் பிடித்து இறக்கிவிடுவான். கடையில் அவளிடம் கேட்கிற கேள்விக்கு இவன் பதில் சொல்லுவான். பாசம் அளவுக்கு மீறினால் அதுவும் ஒரு தொந்தரவுதான். ஆனால் அதை முகத்துக்கு நேரே சொல்ல எந்தப் பெண்டாட்டிக்கு மனசு வரும்?

இரண்டாயிரத்து ஒன்பதில் கோயம்புத்தூரில் பார்வையற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது. அபிராமி ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டு வந்தாள். திரையில் என்ன எழுத்து வருகிறதோ அதைக் கம்ப்யூட்டரே வாய்விட்டுப் படித்துக் காட்டும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை பார்க்கலாம். நேரே முதலாளியிடம் போய் நின்றாள்.

முதலாளி கிட்டுசாமி அந்தப் பக்கத்துக் கவுண்டர். அப்பன் காலத்தில் பருத்திக்காடு, இவர் காலத்தில் பனியன். யாரையும் மரியாதை இல்லாமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆனால் மனசில் ஒன்று பட்டுவிட்டால் மாற்றவும் மாட்டார்.

"சரக்கு வாங்குற வெளிநாட்டுப் பையர் அனுப்புற மெயிலெல்லாம் நான் படிச்சு அந்தந்த செக்சனுக்குச் சொல்லிருதேன்யா. போனையும் பாத்துக்கிருதேன்" என்றாள் அபிராமி.

"முடியுங்களா அம்மிணி? ஒரு நாளைக்கு அறுவது மெயில் வருதுங்க."

"போன் எரநூறு வருதுல்லங்கய்யா?"

கிட்டுசாமி சிரித்துவிட்டார். தன் கண்ணாடி அறையில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தார். மற்ற கம்ப்யூட்டர்களில் இருக்கிற மாதிரிப் போட்டால், பேசுகிற மென்பொருளை யானை விலை குதிரை விலைக்கு வாங்க வேண்டும். லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைப் போட்டால் எல்லாம் இலவசம். சர்வீஸ்காரர் சென்னியப்பன் வந்து லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். அபிராமியின் அறை சின்னது என்பதால் போன், மைக், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் தையல் ஹாலின் ஓரத்துக்கு, முதலாளியின் கண்ணாடி அறைக்கு எதிரே, ஒரு மேஜை போட்டு மாற்றினார்கள்.

அந்தப் பெட்டியின் குரல் இருக்கிறதே, அது மூக்கடைத்த வெள்ளைக்காரன் குரல். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அபிராமிக்கு அது தேவாமிர்தம். ஐரோப்பாவிலிருந்து வருகிற மெயிலை அது படபடவென்று படிக்கும். இவள் அடுத்த நிமிஷம் இன்டர்காமை எடுப்பாள். "சந்தனண்ணே, நாலாயிரத்து நானூத்திப் பதினேழுல கழுத்து அரை செண்டிமீட்டர் கொறைக்கணுமாம், கட்டிங்க நிப்பாட்டுங்க." முன்பு ஒரு மெயில் கட்டிங் மேஜைக்கு வந்து சேர அரை நாள் ஆகும். இப்போது ஆர்டர் கையை விட்டுப் போகுமுன் சேதி போய்விடும். ஒரு வாரம் அவள் காலே தரையில் பாவவில்லை.

இரண்டாவது வாரம் சனியன் பிடித்தது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த குரல் இழுக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு சொல்லையும் மென்று மென்று துப்பியது. பிறகு ஒரேயடியாக நின்றுபோனது. ஒலி போனால் மற்றவர்களுக்குப் பாட்டு கேட்காது, அவ்வளவுதான். அபிராமிக்கு மொத்தக் கம்ப்யூட்டரும் போய்விட்டது என்று அர்த்தம். கீபோர்டை எத்தனை தட்டினாலும் பதில் இல்லை. அணைத்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, மறுபடி போட்டால் பேசும். ஒரு மணி நேரம் போனதும் மறுபடி இழுவை, மறுபடி ஊமை.

சென்னியப்பனைக் கூப்பிட்டார்கள். பார்த்தார். லினக்ஸில் ஒலிக்கென்று தனியாக ஒரு சேவை, அதாவது ஒரு சின்ன புரோகிராம், உள்ளே ஓடுகிறது, அதுதான் விழுந்து விழுந்து போகிறது என்றார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டார். மறுநாளே பழைய குருடி கதைதான். பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு நாள் இடைவிடாமல் ஓடவிட்டார். அங்கே அது மணி மணியாகப் பேசியது. திரும்பக் கொண்டுவந்து வைத்தார். ஒரு மணி நேரத்தில் ஊமை.

சென்னியப்பன் கண்ணாடி அறைக்குள் போய், மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் காதே கண்ணாக இருக்கிறவளுக்கு மெதுவாகச் சொல்லி என்ன பிரயோசனம்?

"பெட்டில ஒண்ணுமில்லீங்க. என்ற கடைல ரெண்டு நாள் நல்லாத்தான் ஓடுச்சு. அம்மிணி தெரியாம ஏதோ கீயை அமுக்கிப்போடறாங்களாட்ட இருக்குதுங்க. பாவம், கண்ணு தெரியாதவங்க."

அந்தப் 'பாவம்' அபிராமியின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. அவள் அழவில்லை. ஹெட்போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை காலையில் கிட்டுசாமியே வந்தார். "அம்மிணி, தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு மெயில் தவறுனாலும் கண்டெய்னர் நின்னுபோயிருங்க. நாளான்னைக்குச் சனிக்கிழமை ஒரு நாள் முழுக்க இது நிக்காமப் பேசட்டும். பேசுச்சுன்னா நீங்களே பாருங்க. இல்லாட்டி திங்கக்கிழமைல இருந்து நம்ம ஆபீஸ்ல கணக்கு எழுதற தரணி பாத்துக்கட்டும். உங்களுக்குப் போன் வேலை எப்பவும் இருக்குதுங்க, அதுல சந்தேகமே வேண்டாம்."

சம்பளத்தில் ஒன்றும் குறையப்போவதில்லை. குறையப்போவது வேறு. அபிராமிக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தார்கள், அவளால் முடியவில்லை என்று ஒரு பேச்சு நிற்கும். கோயம்புத்தூர் வகுப்பில் அவளோடு படித்த பதினான்கு பேரில் யாராவது நாளை திருப்பூரில் வேலை கேட்டு வந்தால், அந்தப் பேச்சு அவர்களுக்கு முன்னால் போய் வாசலில் நிற்கும். நான் எந்தக் கீயையும் தப்பாக அமுக்கவில்லை என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் யார் நம்புவார்கள்? சாட்சி வேண்டும்.

சாட்சி பெட்டிக்குள்ளேயே இருந்தது. லினக்ஸ் தனக்கு நடப்பதையெல்லாம் ஒரு கோப்பில் வரி வரியாக எழுதி வைக்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு மத்தியானம் குரல் செத்த கையோடு, அவள் ஞாபகத்திலிருந்தே கட்டளையைத் தட்டி, அந்தக் கோப்பின் கடைசி வரிகளைத் திரைக்குக் கொண்டுவந்தாள். வந்ததா இல்லையா என்பது அவளுக்குத் தெரியாது. சாப்பாட்டு மணி அடித்ததும் பாண்டித்துரையைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"கடைசி வரிய மட்டும் படிங்க. ஒவ்வொரு எழுத்தாச் சொன்னாப் போதும்."

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கிலீஷ் எழுத்துகளை அவன் கற்றது பனியன் கழுத்தில் தைக்கிற சைஸ் லேபிளில். எஸ், எம், எல், எக்ஸ் நான்கும் தண்ணீர் பட்ட பாடு. மற்றதெல்லாம் விருந்தாளிகள் மாதிரி, எப்போதாவது வந்து போகிறவை.

"எஸ். ஓ. எஃப்பு. டி... பெறகு எடம் விட்ருக்கு. சி. பி. யூ."

அபிராமி பிரெயில் சட்டத்தைத் தாளில் வைத்து ஊசியால் குத்திக்கொண்டே வந்தாள். டிபன் பாக்ஸில் சோறு ஆறிப்போனது. ஒரு சொல்லில் எக்ஸ் வந்தபோது அவன் முகமே மலர்ந்துவிட்டது. "எக்ஸ்! டபுள் எக்ஸ் இல்ல, ஒத்த எக்ஸ்" என்றான். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த செக்கிங் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் கண்டுகொள்ளவில்லை. இருபது நிமிஷத்தில் ஒரு வரி முடிந்தது. அபிராமி தாளைத் திருப்பி விரலால் தடவிப் படித்தாள்.

கம்ப்யூட்டரின் மூளையான சிபியூவில் தனக்கு ஒதுக்கிய நேரம் தீர்ந்துவிட்டதாம், அதனால் முடித்துக்கொள்கிறதாம். ஒலிச் சேவையை யாரும் கொல்லவில்லை. செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடிக்க முடியாமல், அதுவே கையை விரித்துவிட்டு எழுந்து போகிறது.

"அப்ப நீ எதயும் அமுக்கலல்ல?" என்றான் பாண்டித்துரை.

"நான் எதுக்கு அமுக்குறேன்?"

"எனக்குத் தெரியும். நான் அப்பவே நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, ஆறிய சோற்றை நாலு வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினான். அவன் ஒருவனாவது நினைத்தானே என்று அபிராமி அந்தத் தாளை மடித்து டிராயரில் பத்திரப்படுத்தினாள்.

ஆனால் பாதி விடைதான் கிடைத்திருந்தது. கடையில் இரண்டு நாள் சலிக்காமல் வேலை செய்த சேவை, இங்கே மட்டும் ஏன் ஒரு மணி நேரத்தில் திணறுகிறது? வெள்ளிக்கிழமை மத்தியானம் பெட்டியை மறுபடி போட்டு, குரல் வந்ததும், சென்னியப்பன் புதிதாகப் போட்ட நாளிலிருந்து எழுதியிருந்த கோப்பு முழுவதையும் அதையே படிக்கவிட்டாள். தான் செத்த கதையைத் தானே உட்கார்ந்து படித்தது அந்த மூக்கடைத்த குரல். ஒவ்வொரு சாவுக்கும் சில நிமிஷம் முன்னால் வேறொரு வரி இருந்தது. வெப்பம் அளவைத் தாண்டிவிட்டது, அதனால் சிபியூவின் வேகம் குறைக்கப்படுகிறது. நாலு இடத்தில் பார்த்தாள், ஏழு இடத்தில் பார்த்தாள். எல்லாச் சாவுக்கும் முன்னால் அதே வரி.

படித்துக்கொண்டிருக்கும்போதே குரல் இழுக்க ஆரம்பித்தது. அபிராமி இந்தத் தடவை ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் குனிந்து, மேஜைக்கு அடியில் காதை வைத்தாள். உள்ளே இருக்கிற காற்றாடி மூச்சிரைத்துக்கொண்டு ஓடியது. இத்தனை நாளும் ஹெட்போன் அந்தச் சத்தத்தை மறைத்திருக்கிறது. கையை நீட்டிப் பெட்டியைத் தொட்டாள். துணி. துணிக்கு மேலேயே கை பொறுக்கவில்லை.

அது பாண்டித்துரை தைத்த உறை. அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திருப்பூரில் பனியன் துணியில் உறை போடாத பொருளைப் பார்ப்பது கஷ்டம். மிக்ஸிக்கு உறை, டிவிக்கு உறை, சைக்கிள் சீட்டுக்கு உறை. ஒரு வீட்டில் தண்ணீர்க் குடத்துக்கே எலாஸ்டிக் வைத்த உறை இருந்ததாம். கம்ப்யூட்டர் கண்ணாடி அறையில் இருந்தவரை பரவாயில்லை. தையல் ஹாலுக்கு வந்ததும் பாண்டித்துரைக்கு மனசு கேட்கவில்லை. ஹாலில் மூக்குக்குள்ளேயே பஞ்சு போகும், பெட்டிக்குள் போகாதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, நல்ல கெட்டியான இன்டர்லாக் துணியில் அளவெடுத்து உறை தைத்தான். சுவிட்சுக்கு ஓர் ஓட்டை, வயருக்கு ஓர் ஓட்டை, ஓட்டைக்கெல்லாம் ஓரம் பிரியாமல் பைப்பிங். பக்கவாட்டில் அவள் ஹெட்போன் வைக்க ஒரு பை. போட்டுவிட்டுச் சொன்னான்: "பின்னாடி ஒரு காத்தாடி ஓடுது புள்ள. பஞ்சு போனா அந்த வழியாத்தான் போவும். அதனால அந்த எடத்துல மட்டும் துணிய ரெண்டு மடிப்பாக் குடுத்துருக்கேன்." கம்பெனியே வந்து பார்த்துவிட்டுப் போனது. கிட்டுசாமிகூடத் தடவிப் பார்த்து, "தையல் சுத்தமுங்க" என்றார்.

அதைப் போட்ட நாள் எது என்று அபிராமி எண்ணிப் பார்த்தாள். எண்ண வேண்டியதே இல்லை; குரல் முதன்முதலாக இழுத்ததும் அந்த வாரம்தான். சென்னியப்பன் வரும்போதெல்லாம் முதல் வேலையாக அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பார்த்தார். கடைக்குப் போனபோதும் உறை இங்கேயேதான் கிடந்தது. அவர் போனதும் பாண்டித்துரை ஓடிவந்து மறுபடி மாட்டிவிடுவான். சூடான காற்று வெளியே போகிற ஒரே வழியை, இரண்டு மடிப்புத் துணி போட்டு, பைப்பிங் வைத்து அடைத்திருந்தான் மகராசன்.

சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. உறையைக் கழற்றினாள். மடித்து டிராயரில் வைத்துப் பூட்டினாள். அவனிடம் சொல்லவில்லை. அவளுக்கென்று அவன் தன் கைத்தொழிலால் செய்த முதல் காரியம் அது. கொஞ்ச நாள் போகட்டும், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பெட்டி பேச ஆரம்பித்தது. ஒன்பது, பத்து, பதினொன்று. ஒரு இழுவை இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. கிட்டுசாமி இரண்டு தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஓடுதுங்களா அம்மிணி?" "ஓடுதுங்கய்யா." பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தபோது அவள் முப்பத்தோரு மெயில் முடித்திருந்தாள்.

பாண்டித்துரை வந்தான். வந்ததும் வராததுமாக, "உறைய எங்க?" என்றான்.

"அழுக்காயிருச்சு. தொவைக்கணும்னு எடுத்து வச்சிருக்கேன்."

"இன்னைக்குப் போயா? இன்னைக்குப் பாத்துப் பஞ்சு போயிச்சுன்னா?" அவன் சிரித்தான். "தெரியும் ஒன்னைய. அதான் மாத்து உறை ஒண்ணு தச்சு வச்சிருக்கேன், இரு."

அவள் வாயெடுப்பதற்குள் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். மேஜைக்கு அடியில் புகுந்து மாட்டினான். முந்தியது அடிக்கடி நழுவியதாம். இதற்கு நாடா வைத்திருக்கிறானாம். இழுத்து இறுக்கி முடிச்சும் போட்டான். எழுந்து வந்தவனின் சட்டையில் பஞ்சும் வேர்வையுமாக வாசம் அடித்தது. "நிக்காமப் பேசும் பாரு" என்று அவள் தலையில் கையை வைத்தான்.

எப்படிச் சொல்லுவாள், சொல்லுங்கள்? அவன் போனதும் கழற்றிவிடலாம் என்று இருந்தாள். அவனோ மணி அடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். மணி அடித்ததும் ஐரோப்பாவில் அவர்கள் ஆபீஸ் திறக்கிற நேரம்; கண்டெய்னர் அவசரத்தில் அந்த வாரம் சனிக்கிழமையும் திறந்திருந்தார்கள். மெயில் கொட்ட ஆரம்பித்தது. அட்டைப்பெட்டி மாறுகிறது, ஸ்டிக்கர் மாறுகிறது, நீலம் முந்நூறு டஜன் கூட வேண்டும். இந்த ஒன்றை முடித்துவிட்டுக் கழற்றலாம், இந்த ஒன்றை முடித்துவிட்டு என்று ஓடியதில் முக்கால் மணி நேரம் போனது தெரியவில்லை.

குரல் இழுத்தது. அபிராமி பதறிப்போய்க் குனிந்து நாடாவைத் தேடினாள். பாண்டித்துரை போட்ட முடிச்சு, லேசில் அவிழுமா? நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். கிழிக்காத குறையாக உறையை உருவித் தரையில் எறிந்தபோது, பெட்டி ஊமையாகிவிட்டிருந்தது. அதே நேரம் பார்த்துக் கண்ணாடிக் கதவு திறந்தது.

"ஸ்டிக்கர் மெயில் வந்துதுங்களா அம்மிணி?"

"வந்துச்சுங்கய்யா. பாதி படிச்சேன். இந்தா, அஞ்சு நிமிசத்துல..."

"நின்னுபோச்சுங்களா?"

"சூட்டுனால நிக்கிதுங்கய்யா. சரியாயிரும்."

"சூடுன்னா காலைல நிக்கோணுமில்லீங்க?" கிட்டுசாமியின் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "காலைல ஓடுச்சு, இப்ப மட்டும் என்னாச்சு? நடுவுல என்ன பண்ணுனீங்க?"

என்ன பண்ணினேன்? ஒரு வார்த்தை போதும். எம் புருசன் உறை போட்டாருங்க. நாற்பது டெய்லர் காதுபடச் சொல்ல வேண்டிய வார்த்தை. கம்பெனியே வந்து மெச்சிய தையல்காரனை, திங்கட்கிழமை கம்பெனியே கூடிச் சிரிக்கும். அபிராமி தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியலீங்கய்யா" என்றாள்.

"செரி, விடுங்க. திங்கக்கிழமைல இருந்து தரணி பாக்கட்டும். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க கண்ணு." அவர் மெதுவாக நடந்து போனார்.

அவள் பெட்டியை மறுபடி போட்டாள். பேசியது. மீதி ஸ்டிக்கர் மெயிலைப் படித்துப் பேக்கிங்குக்குச் சொன்னாள். கண்ணிலிருந்து தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை.

நாலு மணி டீ இடைவேளையில் பாண்டித்துரை வந்தான். மெயில் வேலை தரணி கைக்குப் போகிற சேதி அதற்குள் ஹால் முழுக்கப் பரவியிருந்தது. ஆறுதல் சொல்ல வந்தவன் காலில் ஏதோ தட்டியது. "இது ஏன் கீழ கெடக்கு?" என்று உறையை எடுத்தான். அவன் பெட்டிக்குப் பின்னால் போய், காற்றாடி இருக்கிற இடத்தில் உள்ளங்கையை வைத்தான். அனல் அடித்தது. பதினாறு வருஷம் தையல் மோட்டார் பக்கத்தில் கால் வைத்து உட்கார்ந்தவன். அதற்கு மேல் அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உறையைப் பிரித்து அந்த இரண்டு மடிப்பைத் தடவினான்.

"நாந்தானா?"

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"மூணு வாரமா நாந்தான் இதோட வாயப் பொத்திட்டு இருந்தனா? ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து."

"சொல்ல வேண்டியதுதான புள்ள?"

"எப்பிடிச் சொல்றது? அம்புட்டு ஆசையாத் தச்சீங்க."

அவன் உறையைச் சுருட்டுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் கண்ணாடி அறையைப் பார்த்துப் போனது. பத்து வருஷத்தில் அவன் அந்த அறைக்குள் போனது கல்யாணப் பத்திரிகை வைக்க ஒரு தடவைதான். "ஏங்க, வேணாம்" என்று அபிராமி எழுந்தாள். அவன் கதவைச் சாத்தக்கூட இல்லை. டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"அய்யா, அவ எந்தக் கீயையும் தப்பா அமுக்கலங்கய்யா. தப்பு என் மேல. பஞ்சு போயிரக் கூடாதுன்னு உறை தச்சுப் போட்டேன். அது மூச்சு விடுற எடத்துல ரெண்டு மடிப்பு வச்சு நாந்தான் அடச்சேன். காலைல உறை இல்ல, அதனால ஓடுச்சு. மத்தியானம் நான் வந்து போட்டேன், நின்னுபோச்சு. அவ நேத்தே கண்டுபிடிச்சிட்டா. என்னையக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு ஒங்ககிட்டத் தெரியலன்னு சொல்லிருக்கா. அவளுக்கு எல்லாம் தெரியும்யா. எனக்குத்தான் ஒண்ணும் தெரியல."

யாரோ பக்கென்று சிரித்தார்கள். சந்தனம் மாஸ்டர் "த்தூ, சும்மா இரு" என்று அதட்டியது கேட்டது. கிட்டுசாமி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, நடந்து வந்து, அபிராமியின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். குனிந்து பெட்டியின் பின்னால் கையை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தச் சென்னியப்பனுக்கே தெரியலீங்களே அம்மிணி" என்றார். "நாங்கூட உங்களையத்தான் நெனச்சுப்போட்டனுங்க. தரணிகிட்ட நான் சொல்லிக்கறேன். அடுத்த மெயில் என்னன்னு பாத்துச் சொல்லுங்க, நான் இங்கயே நிக்கறேன்."

அபிராமி ஹெட்போனை மாட்டினாள். கீயைத் தட்டினாள். பாண்டித்துரை கண்ணாடி அறை வாசலிலேயே உறையும் கையுமாக நின்றுகொண்டிருந்தான் என்று அவளுக்குத் தெரியும். அவன் இருமியது அங்கேயிருந்துதான் வந்தது. பெட்டி தெளிவாக, திக்காமல், அளவும் நிறமும் எண்ணிக்கையும் படித்துக்கொண்டே போனது. கிட்டுசாமி "என்ன சொல்றாங்க அம்மிணி?" என்று இரண்டு தடவை கேட்டார். எல்லாம் அவள் காதில் விழுந்தது. வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்பதால், கொஞ்சம் பொறுங்கள் என்று ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.